மியூனிக் தூணும் பதின்மூன்று நிமிடமும்: 1939-லேயே ஹிட்லர் செத்திருந்தால் போர் என்னவாகியிருக்கும்?

தச்சன்மகன்:

ஹிட்லரைக் கொல்லப் பார்த்தவர்கள் என்று பேச்சு வந்தால் எல்லோரும் 1944 ஜூலையையும் ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க் குண்டு வைத்த கைப்பெட்டியையும்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு ஐந்து வருடம் முன்னால் தனியாளாக ஒரு தச்சர் செய்த வேலைதான் மனசில் நிற்கிறது. கியோர்க் எல்சர். தென்மேற்கு ஜெர்மனிக்காரர், கடிகாரத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். 1923-இல் மியூனிக்கின் ஒரு பீர் மண்டபத்தில் தொடங்கிய கலகத்தின் நினைவாக ஹிட்லர் வருடா வருடம் நவம்பர் 8 அன்று அதே மண்டபத்தில் பேசுவார். 1938 கூட்டத்துக்கே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்த எல்சர், அப்புறம் ஒரு கல் குவாரியில் வேலைக்குச் சேர்ந்து வெடிமருந்து சேர்த்தார். 1939 ஆகஸ்டில் மியூனிக்கில் அறை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் அந்த மண்டபத்தில் போய்ச் சாப்பிடுவது, அடைக்கிற நேரத்தில் மாடியில் ஒளிந்துகொள்வது, ராத்திரியெல்லாம் பேச்சு மேடைக்குப் பின்னால் இருந்த தூணின் மரப்பலகையில் ஒரு ரகசியக் கதவை அறுத்து, உள்ளே குண்டு வைக்கத் தூணைக் குடைவது. இப்படி முப்பது ராத்திரிக்கு மேல். முட்டி போட்டே வேலை செய்ததில் முட்டி இரண்டும் சீழ் பிடித்துவிட்டது.

எங்கள் அப்பா தச்சர். பலகையில் ஒரு சின்னக் கதவை அறுத்தெடுத்துத் திரும்பப் பொருத்தினால் பகல் வெளிச்சத்திலேயே கோடு தெரியும், அதை மறைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த மனிதர் கைவிளக்கின் மேல் துணியைக் கட்டிக்கொண்டு இருட்டில் அதைச் செய்திருக்கிறார், பகலில் கூட்டிப் பெருக்க வந்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

குண்டு 9.20-க்கு வெடிக்க வேண்டும், வெடித்தது. ஆனால் அன்று மூடுபனி. விமானத்தை நம்ப முடியாது, பெர்லினுக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்பதால் ஹிட்லர் பேச்சைச் சுருக்கி 9.07-க்கே கிளம்பிவிட்டார். பதின்மூன்று நிமிடம். எட்டுப் பேர் செத்தார்கள், அதில் ஒருவர் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண். அறுபதுக்கும் மேல் காயம்.

என் கட்சி இதுதான்: அன்று பனி இல்லாமலிருந்து ஹிட்லர் செத்திருந்தால் ஜெர்மனி பிரான்ஸ் மேல் பாய்ந்திருக்காது, பாய்ந்திருந்தாலும் ஜெயித்திருக்காது. 1940-இல் பிரான்ஸ் விழாவிட்டால் நாம் இரண்டாம் உலகப்போர் என்று சொல்கிற அந்தப் போரே கிடையாது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள்.

பழையகணக்கு:

வந்துவிட்டேன். எல்சர் மேல் எனக்கும் மரியாதை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஹிட்லருக்கு வக்காலத்து வாங்குவதாக யாராவது கிளம்புவார்கள்.

ஆனால் ஒரு ஆளைத் தூக்கிவிட்டால் ஒரு தேசமே சாந்தமாகிவிடும் என்பது சினிமாக் கணக்கு. நவம்பர் 8 அன்று நிலவரம் என்ன? போலந்து ஏற்கெனவே விழுந்தாயிற்று. பிரிட்டனும் பிரான்சும் செப்டம்பர் 3-லிருந்து போரில் இருக்கின்றன. அக்டோபர் 6 அன்று ஹிட்லர் சமாதானம் பேசுவதுபோல ஒரு உரை ஆற்றினார், 12-ஆம் தேதி பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் முடியாது என்று சொல்லிவிட்டார். ஹிட்லர் செத்தால் அடுத்தவர் விமானப்படைத் தலைவர் கோயரிங். செப்டம்பர் 1 அன்றே நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, எனக்கு ஏதாவது ஆனால் கோயரிங், அவருக்கும் ஆனால் ஹெஸ் என்று ஹிட்லர் சொல்லிவிட்டார். கோயரிங் உட்கார்ந்ததும் பிரிட்டன் கேட்கிற முதல் விஷயம் போலந்தை விடு என்பது. அதை எந்த ஜெர்மன் தலைவர் விடுவார்? ஹிட்லரை எதிர்த்துச் சதி செய்த கோர்டெலரே கிழக்கில் 1914 எல்லை வேண்டும் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார். நல்லவர்கள் பட்டியலில் இருப்பவர் கேட்பதே அதுவென்றால் கோயரிங் என்ன கேட்பார்?

வெர்சாய் ஒப்பந்த அவமானம், கிழக்கில் நிலம், படைத்தளபதிகளின் ஆசை, ஆயுதத்தில் கொட்டிய பணம், இவையெல்லாம் ஹிட்லரோடு தூணுக்கடியில் புதைந்துவிடாது. போர் நடந்திருக்கும். கொஞ்சம் தாமதமாக, வேறு ஒருவர் கையெழுத்தில்.

ரேடியோ67:

ஆக மொத்தம் உலக வரலாற்றைத் தீர்மானித்தது மியூனிக் வானிலை. நம்ம ஊர் வானிலை அறிக்கையை நம்பி அந்த மனுஷன் விமானத்தில் ஏறியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

தச்சன்மகன்:

ரேடியோ அண்ணா, சிரித்துவிட்டேன்.

பழையகணக்கு சொல்வதில் பாதி சரி. போலந்தை யாரும் விட்டிருக்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போலந்தை விடாமலிருப்பது வேறு, பிரான்ஸ் மேல் பாய்வது வேறு. அந்த வாரம் ஜெர்மன் தலைமையகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். மேற்கே தாக்க நவம்பர் 12 என்று ஹிட்லர் நாள் குறித்திருந்தார். தளபதிகளுக்கு உதறல். போலந்தில் குண்டுகளைச் செலவழித்தாயிற்று, டாங்கிகள் பழுதுபார்க்கக் கிடக்கின்றன, எதிரே பிரெஞ்சுப் படை. 5-ஆம் தேதி தலைமைத் தளபதி பிராவுகிட்ச் நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஹிட்லர் போட்ட கூச்சலில் அந்த மனிதர் வெளிறிப்போய் வெளியே வந்தார். "சோசெனில் இருக்கும் ராணுவத் தலைமையகத்தின் மனப்பான்மை எனக்குத் தெரியும், நசுக்கிவிடுவேன்" என்கிற மாதிரி ஹிட்லர் கத்தியதைக் கேள்விப்பட்ட படைத் தலைமை அதிகாரி ஹால்டர், ஐயோ சதி தெரிந்துவிட்டது போலிருக்கிறதே என்று பயந்து, ஆட்சியைக் கவிழ்க்கத் தயாரித்த காகிதங்களை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டார். இது எல்சரின் குண்டுக்கு மூன்றே நாள் முன்னால்!

அதாவது, படையின் தலைமைத் தளபதியும் படைத் தலைமை அதிகாரியும் இந்தத் தாக்குதல் வேண்டாம் என்கிறார்கள். வேண்டும் என்று நிற்பது ஒரே ஒரு ஆள். அவர் செத்துவிட்டால் உத்தரவு யார் போடுவது? கோயரிங்குக்கு மாளிகை, வேட்டைக்காடு, ஓவியங்கள், நகைகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. 1939 ஆகஸ்டில் ஸ்வீடன் வியாபாரி டாலெரஸை லண்டனுக்கும் பெர்லினுக்கும் இடையே தூது ஓட வைத்ததே அவர்தான். எல்லாவற்றையும் ஒரே சீட்டில் வைத்து ஆடுகிற சூதாட்டக்காரர் அவர் இல்லை.

மதுரைக்காரி:

ஒரு நிமிடம். கோயரிங் ஏதோ சொத்துச் சேர்த்து வைத்திருக்கும் சாதுவான பெரிய மனிதர் மாதிரி எழுதுகிறீர்கள் தம்பி. பள்ளியில் இருபது வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன், பிள்ளைகளும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள், குண்டான ஆள் என்றால் சிரிப்பு வந்துவிடுகிறது. கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸைத் தொடங்கியவர் அவர். 1936-லிருந்து நான்காண்டுத் திட்டம் என்ற பெயரில் ஜெர்மனிப் பொருளாதாரத்தைப் போருக்குத் தயார் செய்தவர் அவர். யூதப் பிரச்சினைக்கு முழுத் தீர்வு காண ஏற்பாடு செய் என்று 1941 ஜூலை 31 அன்று பாதுகாப்புப் போலீஸ் தலைவர் ஹைட்ரிக்குக்குப் போன கடிதத்தில் இருப்பது யார் கையெழுத்து? கோயரிங்குடையது.

1939 செப்டம்பரிலேயே போலந்தில் படுகொலைக் குழுக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. எல்சரின் குண்டு வெடித்த நேரத்தில், மனநலம் குன்றியவர்களையும் ஊனமுற்றவர்களையும் கொல்வதற்கான அனுமதிக் கடிதத்தில் ஹிட்லர் கையெழுத்துப் போட்டுச் சில வாரம் ஆகியிருந்தது, போர் தொடங்கிய நாளில் போட்டதாகத் தேதியை முன்னால் தள்ளி. எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர், ஹைட்ரிக் எல்லாம் இருக்கிறார்கள். ஒரு தலை போனால் இவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்களா?

தச்சன்மகன்:

டீச்சர், கோயரிங் நல்லவர் என்று நான் சொல்லவில்லை, திருடன் என்கிறேன். திருடனுக்குத் திருடிய பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் உண்டு. ஹிட்லருக்கு அந்தப் பயம் கிடையாது. வித்தியாசம் அதுதான்.

மதுரைக்காரி:

திருடனின் காவலில், ஜெர்மனி பிடித்த போலந்தில் இருந்த சுமார் இருபது லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

பழையகணக்கு:

டீச்சர் என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். ஆனால் நான் தச்சன்மகனின் பலமான இடத்துக்கே போகிறேன், பிரான்ஸ்.

எல்லோரும் சொல்கிற கதை: மான்ஸ்டைன் என்ற அறிவாளி ஆர்டென் காட்டு வழியாக டாங்கிகளை அனுப்பும் திட்டத்தைத் தீட்டினார், கிழட்டுத் தளபதிகள் அவரை ஓரங்கட்டினார்கள், 1940 பிப்ரவரி 17 அன்று ஹிட்லர் அவரோடு பேசிவிட்டுத் திட்டத்தைத் தூக்கிப் பிடித்தார், ஆக ஹிட்லர் இல்லாவிட்டால் திட்டமே இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னாலேயே, பிப்ரவரி 7 கோப்லென்ஸிலும் 14 மாயெனிலும் நடந்த வரைபடப் போர்ப்பயிற்சிகளில் ஹால்டர் உட்கார்ந்து பார்த்து மனம் மாறத் தொடங்கிவிட்டார். பிறகு அந்தத் திட்டத்தை மான்ஸ்டைனைவிடத் துணிச்சலாக்கியவரும் ஹால்டர்தான். ஜனவரி 10 அன்று ஒரு ஜெர்மன் விமானம் பெல்ஜியத்தில் தரையிறங்கிப் பழைய திட்டத்தின் காகிதங்கள் எதிரி கையில் சிக்கிவிட்டன, எப்படியும் புதுசு யோசித்துத்தான் ஆக வேண்டும். இதில் ஹிட்லர் எங்கே தவிர்க்க முடியாதவர்?

இன்னொன்று. ரஷ்யா மேல் பாய்ந்தது ஹிட்லரின் தனிப் பைத்தியம் என்பார்கள். 1940 ஜூலையில் ஹிட்லர் கேட்பதற்கு முன்னாலேயே கிழக்கே அடிக்க ஹால்டர் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். போருக்குப் பிறகு எல்லாப் பழியையும் செத்தவன் தலையில் கட்டிவிட்டு இவர்கள் வசதியாக நினைவுக்குறிப்பு எழுதினார்கள். ஹிட்லர் மட்டும் இல்லாவிட்டால் என்கிற வாதமே அவர்கள் நமக்கு விற்ற சரக்குதான்.

சும்மாபடிப்பவன்:

இதுவரை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கேள்வி. கற்பனையை விடுங்கள், நிஜமாகவே நடுப்போரில் தலைவர் செத்து, அதனால் போரின் முடிவு மாறிய சம்பவம் உண்டா? உண்டென்றால் அதை வைத்து அளந்து பார்க்கலாமே.

ரேடியோ67:

நல்ல கேள்வி, கைவசம் இரண்டு இருக்கிறது.

1762. ஏழாண்டுப் போர். பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக் கிட்டத்தட்ட முடிந்துபோனார், ரஷ்யப் படை அவர் கழுத்தில். ஜனவரியில் ரஷ்யப் பேரரசி எலிசவெத்தா காலமானார். அடுத்து வந்த மூன்றாம் பீட்டர் ஃபிரெடெரிக்கின் பரம ரசிகர், ஜெயித்த இடத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்து மே மாதம் சமாதானம் செய்துகொண்டார். ஒரே சாவில் போர் புரண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்த செய்தி வந்ததும் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் துள்ளிக் குதித்து ஹிட்லருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார், அந்த 1762 அற்புதம் நமக்கும் நடந்துவிட்டது என்று. ட்ரூமன் வந்தார், போர் ஒரு நாள்கூட நிற்கவில்லை, பதினெட்டு நாளில் ஹிட்லரே போய்ச் சேர்ந்தார். ஆக ஒரே மருந்து ஒரு நோயாளிக்குக் கேட்டது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

தச்சன்மகன்:

அண்ணா, நான் மூன்றாவது ஒன்று தருகிறேன், இது நம் காலத்துக்கும் கிட்டே: ஸ்டாலின், கொரியா. 1951 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியது, எல்லைக்கோடு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது, போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் விஷயத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. பேசிக்கொண்டே இருக்கிறார்கள், மலைமேல் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1952-இல் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்குக்கே போதும் என்றாகிவிட்டது, வட கொரியாவை அமெரிக்க விமானங்கள் தரைமட்டமாக்கிவிட்டன. ஆனால் அந்த ஆகஸ்டில் மாஸ்கோவுக்குப் போன சீனப் பிரதமர் சூ என்லாயிடம், வட கொரியர்கள் உயிர்ச்சேதம் தவிர வேறொன்றும் இழக்கவில்லையே என்று ஸ்டாலின் சொன்னார். உயிர்ச்சேதம் தவிர! அமெரிக்காவை அங்கேயே கட்டிப்போட்டு வைப்பது அவருக்கு வசதி. அந்த வருடக் கடைசியில் இந்தியா, கிருஷ்ண மேனன் மூலமாக, கைதிகளை நடுநிலை நாடுகளின் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்று ஐ.நா.வில் ஒரு வழி சொன்னது. மாஸ்கோ அதைத் திட்டித் தீர்த்தது.

1953 மார்ச் 5 ஸ்டாலின் மரணம். மார்ச் 19 அன்றே புதுத் தலைமை போரை முடிக்க முடிவெடுத்தது. 30-ஆம் தேதி சூ என்லாய் இறங்கிவந்து அறிக்கை விட்டார். ஜூலை 27 போர்நிறுத்தம். கைதிகள் விஷயம் முடிந்த விதம் இந்தியா சொன்ன வழிக்கு ரொம்பக் கிட்டே, அந்தக் குழுவுக்குத் தலைவராகப் போனது நம் ஜெனரல் திம்மையா.

இரண்டு வருடமாக நகராத வண்டி, ஒருவர் செத்து இரண்டு வாரத்தில் நகர்ந்தது. இதற்குப் பழையகணக்கு என்ன சொல்கிறார்?

பழையகணக்கு:

கொரியாவை ஒப்புக்கொள்கிறேன். அழகான உதாரணம். ஆனால் ஏன் அழகாக இருக்கிறது என்று யோசியுங்கள். அங்கே எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள், சீனா, கொரியா, அமெரிக்கா எல்லோருமே. ஐசன்ஹோவரும் போரை முடிக்கிறேன் என்றுதான் தேர்தலில் ஜெயித்து வந்திருந்தார். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது, குறுக்கே ஒருவர் நின்றார், விழுந்தார். 1939 நவம்பரில் ஜெர்மனி களைத்திருந்ததா? அப்போதுதான் ஐந்து வாரத்தில் ஒரு நாட்டை விழுங்கியிருந்தது.

எதிர் உதாரணம் தருகிறேன். 1943 ஜூலை 25, முசோலினியை அவருடைய கட்சிச் சபையே கைவிட்டது, மன்னர் கைது செய்தார். அரசியல் ரீதியாகச் சாவுதான் அது. போர் நின்றதா? செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்ததாக அறிவித்தது, உடனே ஜெர்மனி உள்ளே புகுந்தது, அதன் பிறகு இத்தாலிய மண்ணில் இருபது மாதம் ரத்தக்களரி. சர்வாதிகாரி போனால் சமாதானம் வரும் என்று யார் சொன்னது?

சும்மாபடிப்பவன்:

ஆனால் சார், இத்தாலி கட்சி மாறியது அல்லவா. 1944 ஆகஸ்டில் ருமேனியாவில் சர்வாதிகாரி அன்டொனெஸ்குவைக் கைது செய்ததும் அந்த நாடே மறுபக்கம் போய்விட்டது, ஜெர்மனிக்குப் புளொயெஷ்ட் எண்ணெய் போயிற்று. சண்டை நிற்கவில்லை, முடிவு மாறியது. தலைப்பில் இருக்கும் கேள்வி முடிவைப் பற்றியதுதானே.

பழையகணக்கு:

சும்மா படிப்பவர் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிக் கையை முறுக்கினால் எப்படி.

ரேடியோ67:

நான் வேறு பக்கம் போகிறேன், அடிக்க வராதீர்கள். ஹிட்லர் உயிரோடு இருந்ததே நேச நாடுகளுக்கு லாபம் இல்லையா? 1944-இல் பிரிட்டிஷ் உளவுக்காரர்கள் ஆல்ப்ஸ் மலை வீட்டில் ஹிட்லரைச் சுட ஃபாக்ஸ்லி என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். அவர்களுக்குள்ளேயே எதிர்ப்பு, இந்த ஆள் போர் நடத்தும் லட்சணத்துக்கு உயிரோடு விட்டுவைப்பதுதான் நமக்கு நல்லது, செத்தால் தியாகியாகிவிடுவான் என்று. அது நியாயமாகத்தான் படுகிறது. ஸ்டாலின்கிராடில் பின்வாங்காதே, எங்கேயும் பின்வாங்காதே என்று சொல்லிச் சொல்லியே சொந்தப் படையை அழித்தார். அவர் இடத்தில் மான்ஸ்டைன் மாதிரி ஒருவர் இருந்திருந்தால் போர் 1947 வரை இழுத்திருக்கும். ஜூலை 20 குண்டில் தப்பித்தது நல்லதுதானோ என்னவோ. அங்கேயும் ஒரு மேசைக்கால்தான் காப்பாற்றியது.

மதுரைக்காரி:

ரேடியோ சார், உங்களை மரியாதையாகவே கேட்கிறேன், நல்லது என்று யாருக்குச் சொல்கிறீர்கள்?

ஜூலை 20-க்குப் பிறகு போர் இன்னும் ஒன்பதரை மாதம் நடந்தது. இந்தக் கடைசிக் காலத்தில் செத்த ஜெர்மன் சிப்பாய்கள், அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் செத்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமம். போலந்தின் லோட்ஸ் சேரியில் மிச்சமிருந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றியது 1944 ஆகஸ்டில், குண்டு வெடித்துச் சில வாரத்தில். வார்சா எழுச்சியை நசுக்கியது ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, அதன் பிறகு ஊரையே இடித்தார்கள். ஜனவரிப் பனியில் முகாம் கைதிகளை நடக்கவைத்தே கொன்ற அந்த ஊர்வலங்கள். டிரெஸ்டன், கோனிக்ஸ்பெர்க், பெர்லின். எல்லாம் அதற்குப் பிறகு.

ஜெர்மனி தோற்கும் என்பது ஜூன் 1944-லேயே தெரிந்த விஷயம். கிழக்கே மத்தியப் படைப்பிரிவு நொறுங்கிவிட்டது, மேற்கே நார்மண்டி. நிபந்தனையில்லாத சரணாகதி என்று 1943 ஜனவரியிலேயே கூட்டணி சொல்லிவிட்டது, ஸ்டாஃபன்பெர்க் ஆட்கள் வந்திருந்தாலும் அதே சரணாகதிதான் கிடைத்திருக்கும், பேரம் எல்லாம் நடக்காது. ஆக போரின் முடிவு மாறியிருக்காது, சரி. ஆனால் அந்த ஒன்பதரை மாதத்தில் செத்தவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். வெற்றி தோல்வி பட்டியல் மட்டும்தான் முடிவு என்றால் எனக்கு இந்த விவாதத்தில் வேலையில்லை.

பழையகணக்கு:

டீச்சர் சொல்வதில் எதையும் மறுக்க மாட்டேன். 1944 பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, அந்த மேசைக்கால் இல்லாமலிருந்திருக்க வேண்டும். என் சண்டை 1939 பற்றி மட்டும்தான்.

ரேடியோ67:

நானும் வாபஸ். மேசைக்கால் வாக்கியத்தை அழிக்க முடியவில்லை, இருக்கட்டும், திட்டு வாங்க வசதியாக இருக்கும்.

கிள்ளான்பேத்தி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஐரோப்பாவோடு நிறுத்திவிட்டீர்கள், அதனால்தான் உள்ளே வந்தேன்.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. செப்டம்பரில் ஜப்பான் வட இந்தோசீனாவுக்குள் நுழைந்தது, தடுக்க பாரிசில் ஆள் இல்லை. 1941 ஜூலையில் தென் இந்தோசீனாவும் போயிற்று, உடனே அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. எண்ணெய்க்காக ஜப்பான் தெற்கே பாய்ந்தது. டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய படை பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைப் பிடித்தது. அதற்கு வேண்டிய விமானதளமும் துறைமுகமும் அந்த இந்தோசீனாவில்தான் இருந்தன. பிரான்ஸ் நின்றிருந்தால் இதில் எந்தக் கண்ணியும் இப்படி விழுந்திருக்காது.

என் பாட்டிக்கு இந்தத் தேதியெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, தாத்தாவின் அண்ணன் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தவர், 1943-இல் ஒரு நாள் லாரி வந்தது, கொஞ்ச நாள் வேலை, அரிசியும் சம்பளமும் உண்டு என்றார்கள், ஏறிப் போனார் என்பது மட்டும்தான். ஜப்பானியர்கள் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை. பர்மாவரை 415 கிலோமீட்டர். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே கல்லறை வரிசை வரிசையாக, பெயர் பொறித்து இருக்கிறது. நம் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் போனார்கள், புதைத்த இடம்கூடத் தெரியாது. பாட்டி கடைசிவரை அவர் சீவுகிற கத்தியைத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார், வந்தால் கேட்பாராம்.

அந்தத் தச்சர் ஜெயித்திருந்தால் அந்த லாரி வந்திருக்குமா? எனக்கு இது மட்டும்தான் கேள்வி.

பழையகணக்கு:

கொஞ்ச நேரம் பதில் எழுதத் தோன்றவில்லை.

கேட்டதற்கு நேர்மையாகவே சொல்கிறேன் அம்மா. ஜப்பான் 1937-லிருந்தே சீனாவில் போரில் இருந்தது, ஹிட்லர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடந்துகொண்டிருந்திருக்கும். எண்ணெய்ப் பசியும் இருந்திருக்கும். ஆனால் பிரான்சும் ஹாலந்தும் விழாமல், பிரிட்டன் கப்பற்படைக்கு ஐரோப்பாவில் மூச்சு முட்டாமல் இருந்திருந்தால் தெற்கே இறங்க டோக்கியோ துணிந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. துணிந்திருந்தாலும் சிங்கப்பூர் எழுபது நாளில் போயிருக்காது. ஆக, 1940-இல் பிரான்ஸ் விழுந்ததா என்பதிலேயே எல்லாம் தொங்குகிறது. தச்சன்மகன் முதல் பதிவில் சொன்னதும் இதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஹால்டர் பற்றிச் சொன்னதை நான் விடவில்லை. திட்டம் ஹிட்லர் இல்லாமலும் உருவாகியிருக்கும்.

தச்சன்மகன்:

திட்டம் உருவாகியிருக்கும், உத்தரவு? திட்டம் தீட்டுவது ஹால்டருக்குத் தொழில், எல்லா அதிகாரிகளும் அலமாரி நிறையத் திட்டம் வைத்திருப்பார்கள். ஜெர்மனியிடம் இருந்தது சுமார் 2,400 டாங்கி, பிரான்சிடம் மட்டுமே அதைவிட அதிகம். அதில் பெரும்பகுதியைக் காட்டுப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, மேலே எதிரி விமானம் வராது என்று நம்பி, போ என்று சொல்ல ஒருவர் வேண்டும். 1939 நவம்பரிலிருந்து 1940 மே வரை தாக்கும் நாள் இருபத்தொன்பது தடவை தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் திரும்ப நாள் குறிக்க வைத்தது ஒரே ஆள். அவர் இல்லாவிட்டால் முப்பதாவது தடவை யாரும் குறித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் நான் சொல்வது. தாக்காமலிருக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று ஹால்டர் காத்திருந்தார், ஹிட்லர் செத்திருந்தால் அது கிடைத்திருக்கும்.

பழையகணக்கு:

முப்பதாவது தடவை கோயரிங் குறித்திருப்பார் என்பேன், விமானப்படையே போதும் என்று வேறு சொல்லி. டன்கர்க்கிலும் ஸ்டாலின்கிராடிலும் சொன்ன மாதிரி. அப்போது தோற்றிருப்பார்கள், அது உங்களுக்குச் சாதகம்தான், எடுத்துக்கொள்ளுங்கள்.

சும்மாபடிப்பவன்:

எல்சர் என்ன ஆனார் என்று யாரும் சொல்லவில்லையே.

தச்சன்மகன்:

குண்டு வெடிப்பதற்கு முன்னாலேயே, 8.45 வாக்கில், கான்ஸ்டான்ஸில் ஸ்விஸ் எல்லை வேலி கிட்டே பிடிபட்டார். சட்டைப்பையில் அந்த மண்டபத்தின் படம் போட்ட அஞ்சலட்டை இருந்தது. ஒரு தச்சன் தனியாக இதைச் செய்திருக்க முடியாது, பின்னால் பிரிட்டிஷ் உளவுத்துறை இருக்கிறது என்று நம்பி ஐந்தரை வருடம் உயிரோடு வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரல் 9 அன்று டாக்காவ் முகாமில் சுட்டார்கள். அமெரிக்கப் படை அங்கே வந்தது 29-ஆம் தேதி.

இதை அப்பாவிடம் ஒரு நாள் முழுசாகச் சொன்னேன். தூண், கார்க் அட்டை ஒட்டி டிக் டிக் சத்தத்தை அடக்கியது, ஒன்று நின்றால் இன்னொன்று ஓடட்டும் என்று இரண்டு கடிகாரம் வைத்தது எல்லாம். ஹிட்லர் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "முப்பது ராத்திரி குடைஞ்ச செங்கலையும் தூளையும் எங்கடா கொண்டுபோய்ப் போட்டான்?" என்றார்.

பெட்டியில் வைத்துப் பகலில் தூக்கிக்கொண்டு போய் இசார் ஆற்றில் கொட்டியிருக்கிறார்.